வீட்டிலேயே அமைக்கக்கூடிய சிறு கைத்தறி

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர்க்கும் வயற்கமக்காரர்க்கும்

தென்மேற்குப் பருவமழை அற்றனிலும் மஸ்கெலியாவிலும் இடைவிடாது பெய்யும் நாள்களில் தோட்டப் பாத்தியில் மண்வெட்டி வைக்க இயலாது. கரற், லீக்ஸ், கோவா ஆகியவற்றுக்கு மண் அணைக்கும் வேலையும் நின்றுவிடும். வலப்பனை, ஹங்குராங்கெத்தை ஆகிய இடங்களின் படிக்கட்டு வயல்களிலும் நாற்று நட்ட பின்னர்ச் சில வாரங்களுக்கு வேலை குறைவு. இத்தகைய ஓய்வு நேரத்தை வீட்டுத் தேவைக்குரிய சிறு கைத்தொழிலொன்றிற் செலவிடலாம். குறைந்த செலவில், சாதாரண தச்சுக் கருவிகளைக் கொண்டு, ஒரு வார ஓய்வு நேரத்திற் செய்து முடிக்கத்தக்க சிறு கைத்தறியின் அமைப்பும் அதில் நெய்யும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

தொடக்கத்திலேயே ஒன்று கூறல் வேண்டும். இத்தறி பயிர்த்தொழிலுக்கு மாற்றன்று. இதனை நம்பிக் கடன் வாங்கி நூல் வாங்குதல் கூடாது. வீட்டிற் கிடக்கும் பழந்துணியையும் சிறிதளவு நூலையும் பயனுள்ள பொருளாக்குவதே இதன் நோக்கம்.

1. சிறு தறி ஏன்?

தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலங்கையின் மருதமுனையிலும் பருத்தித் துணி நெய்த பழைய தறி பெரும்பாலும் குழித்தறியே. நிலத்திற் குழி தோண்டி, நெசவாளர் அதனுட் கால் வைத்து மிதிகளை இயக்குவர். வரண்ட சமவெளியில் இக்குழி இரு வகையில் நன்மை பயக்கும். அது மிதிகளுக்கு இடம் தரும். மேலும் அதிலுள்ள மண்ணின் ஈரம் பருத்தி நூலைப் பதமாக வைத்து, அறாமற் காக்கும்.

மலைநாட்டில் நிலைமை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தோண்டிய குழியில் மழைக்காலத்தில் நீர் ஊறிவிடும். நூலுக்கு இங்கே ஈரம் தேடவேண்டியதில்லை; ஈரத்தைத் தடுப்பதே சிரமம். மேலும் தோட்டங்களில் இன்னும் பல குடும்பங்கள் வாழும் லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதே. அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், மழைக்கு நனைந்த உடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவ்விடத்திற் பெரிய சட்டத்தறி வைப்பதற்கு வழியேயில்லை.

இங்கு விளக்கப்படும் தறியோ 60 சென்ரிமீற்றர் நீளமும் 55 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. மிதி கிடையாது, குழி கிடையாது. ஒரு முனையை மடியிலும் மறு முனையை மேசையின் விளிம்பிலும் வைத்து நெய்யலாம். வேலை முடிந்ததும் பாவு சுற்றியபடியே சுவரில் மாட்டிவிடலாம்.

2. இவ்வகைத் தறியின் வரலாறு

மலைநாட்டிற்கு நெசவு புதிதன்று. கண்டிக்குக் கிழக்கேயுள்ள தும்பரைப் பகுதியில், ஹன எனப்படும் செடியின் நாரைச் சீவியெடுத்துச் சாயமூட்டி, நிலத்தில் அமர்ந்து கையால் நெய்யும் தும்பரைப் பாய் இன்றும் செய்யப்படுகிறது. இக்கைவினையை யுனெஸ்கோ நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. உடுதும்பரையின் தலகுனே கிராமத்துப் பருத்தி நெசவை, தமிழறிஞர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான கலாநிதி ஆனந்த குமாரசுவாமி தாம் 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் பதிவு செய்துள்ளார். அக்காலத்தில் அவருடன் கண்டியில் வாழ்ந்த அவருடைய மனைவி எதெல், பின்னர் இங்கிலாந்து சென்று, எதெல் மெயரெட் என்ற பெயரில் அந்நாட்டுக் கைத்தறி நெசவின் முன்னோடியாக விளங்கினார்.

தோட்டத் தொழிலாளரின் வாழ்விலும் நெய்த பொருளொன்று நீங்காத இடம் பெற்றிருந்தது. அது கம்பளி. குளிருக்குப் போர்வையாகவும் மழைக்குத் தலைமூடியாகவும் பயன்பட்ட முரட்டுக் கம்பளியைத் தோட்டங்கள் தொழிலாளருக்கு முன்பணமாக வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டன. உடுத்தும் பொருளுக்குப் பிறர் கணக்கேட்டில் பெயர் ஏறிய அனுபவம் இங்கு முதியோர் சொல்லக் கேட்டதே. ஆகவே நூலுக்காகவும் எவருடைய கணக்கேட்டிலும் பெயர் எழுதவேண்டாம் என்று மேலே கூறினோம்.

இனி, விழுதுச் சட்டத்தைப் பற்றிக் கூறுவோம். பெருந்தறியிற் பாவு நூலை மேலும் கீழும் பிரிப்பது விழுது. ஊடை நூலை அடித்து நெருக்குவது அச்சு. நமது சிறு தறியில் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே சட்டம் செய்கிறது. அதில் மெல்லிய தகட்டுக் குச்சிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குச்சியின் நடுவிலும் ஒரு துளை. இரு குச்சிகளுக்கிடையே ஓர் இடைவெளி. பாவு நூல்களில் ஒன்று துளையிலும் அடுத்தது இடைவெளியிலுமாக மாறிமாறிச் செல்லும். சட்டத்தை உயர்த்தினால் துளை நூல்கள் உயரும். தாழ்த்தினால் அவை தாழும். இடைவெளி நூல்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். இவ்வாறு இரண்டு வாய்கள் திறக்கின்றன. நெசவின் முழு இரகசியமும் இதுவே.

இது மிகப் பழைய அமைப்பு. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள சவுத் சீல்ட்ஸ் என்னுமிடத்தில், உரோமர் காலத்துக் கோட்டையில், எலும்புத் தகடுகளை வெண்கலச் சட்டத்தில் இறுக்கிச் செய்த விழுதுச் சட்டமொன்று கிடைத்துள்ளது. நாம் எலும்புக்குப் பதிலாக மூங்கிலைப் பயன்படுத்துவோம்.

3. வேண்டிய பொருள்கள்

(அ) பக்கப் பலகை 2: நீளம் 60, அகலம் 7, தடிப்பு 2 சென்ரிமீற்றர்.

(ஆ) குறுக்குச் சட்டம் 2: நீளம் 40, அகலம் 4, தடிப்பு 2 சென்ரிமீற்றர்.

(இ) உருளை 2: நீளம் 55, குறுக்களவு 3.5 சென்ரிமீற்றர். ஒன்று பாவு சுற்றுவதற்கு, மற்றது நெய்த துணி சுற்றுவதற்கு. இரண்டாவதை நெசவாளர் படைமரம் என்பர்.

(ஈ) தாங்கு கட்டை 2: நீளம் 12.5, அகலம் 4, தடிப்பு 2 சென்ரிமீற்றர்.

(உ) மூங்கிற் குச்சி 40: நீளம் 14 சென்ரிமீற்றர், அகலம் 6 மில்லிமீற்றர், தடிப்பு 2 மில்லிமீற்றர். ஓரக் குச்சி 2: அதே நீளம், அகலம் 10 மில்லிமீற்றர், துளை வேண்டியதில்லை.

(ஊ) பாதியாகப் பிளந்த மூங்கிற் சிம்பு 4: நீளம் 36 சென்ரிமீற்றர்.

(எ) மரச் சட்டம் 1: நீளம் 50, உயரம் 2, தடிப்பு 1 சென்ரிமீற்றர்.

(ஏ) 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உறுதியான சணல் அல்லது பருத்திக் கயிறு, திருகாணிகள், 20 சென்ரிமீற்றர் நீளமான முறுக்குக் குச்சி 2, 36 சென்ரிமீற்றர் நீளமான கட்டுக் குச்சி 2, தடித்த துணித் துண்டுகள்.

மரம்: தேயிலைக்கு நிழல் தரும் கிறவில்லியா மரம் இலகுவாக இழைக்கக்கூடியது, இதற்குப் போதியது. யூக்கலிப்டஸ் பலகை உலரும்போது முறுக்கிக்கொள்ளும். நன்கு உலர்ந்ததையே எடுக்கவும். நிழல்மரம் தோட்டத்தின் உடைமை. விறகுக்கென வழங்கப்பட்டதிலிருந்தோ மர ஆலைக் கழிவிலிருந்தோ பெறலாமேயன்றி, அனுமதியின்றி மரத்தில் கைவைத்தல் ஆகாது.

மூங்கில்: மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட முற்றிய மூங்கிலைத் தெரிந்தெடுக்கவும். அதனை வெட்டி இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரில் அமிழ்த்தி வைத்தால் உள்ளிருக்கும் மாச்சத்துக் கரைந்து, வண்டு துளைப்பது குறையும். பின்னர் நிழலில் உலர்த்தி, அடுப்பின் மேற்பரணில் சில நாள் வைக்கவும். பச்சை மூங்கிலிற் செய்த விழுதுச் சட்டம் சில வாரங்களில் உலர்ந்து சுருங்கி, குச்சிகள் தளர்ந்து ஆடும். இக்குறையைப் பின்னர்த் திருத்த இயலாது. எல்லாவற்றையும் அவிழ்த்து மீண்டும் கட்டவேண்டி நேரும்.

4. சட்டகம் அமைத்தல்

பக்கப் பலகை ஒவ்வொன்றிலும் இரு முனைகளிலிருந்தும் 5 சென்ரிமீற்றர் உள்ளே, அகலத்தின் சரிநடுவில், உருளை தாராளமாகச் சுழலத்தக்க துளையிடவும். இரு பலகைகளையும் ஒன்றன்மேலொன்றாகப் பிணைத்து ஒருசேரத் துளைத்தாற் துளைகள் நேர்நேராக அமையும். தனித்தனியே துளைத்தால் உருளை கோணலாகி, துணியின் ஒரு பக்கம் தொய்யும்.

உருளைகளின் வலது முனையில், பலகைக்கு வெளியே 9 சென்ரிமீற்றர் நீண்டிருக்கும் பகுதியில், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு ஊடுதுளைகள் இடவும். முறுக்குக் குச்சி இவற்றிற் புகும். இடது முனை பலகைக்கு வெளியே 2 சென்ரிமீற்றர் நீண்டிருக்க வேண்டும்.

இரு உருளைகளையும் பலகைகளிற் செருகிய பின்னரே குறுக்குச் சட்டங்களைப் பூட்டவேண்டும்.  குறுக்குச் சட்டங்களை இரு முனைகளிலிருந்தும் 9 சென்ரிமீற்றர் தள்ளி, பலகையின் கீழ்விளிம்போடு சமமாக, தட்டையாக வைத்துத் திருகாணியாற் பூட்டவும். இறுக்குவதற்கு முன் மூலைக்கு மூலை இரு விட்டங்களையும் கயிற்றால் அளந்து பார்க்கவும். இரண்டும் சமமாயிருந்தாற் சட்டகம் நேராக உள்ளது என அறியலாம். இனி உருளைகள் பக்கவாட்டில் நகராதிருக்கப் பலகைக்கு வெளியே இருபுறமும் உருளையிற் சிற்றாணி அடிக்கவும்.

ஒவ்வோர் உருளையிலும் துணித் துண்டுகளை ஆணியடித்து, அவற்றின் மறுமுனையிற் கட்டுக் குச்சியைக் கோத்துத் தைக்கவும். பாவு நூல் இக்குச்சிகளிலேயே கட்டப்படும்.

தாங்கு கட்டைகளை முன்முனையிலிருந்து 32 சென்ரிமீற்றர் தூரத்தில், பக்கப் பலகையின் வெளிப்புறத்தில், பலகைக்கு மேல் 7 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்குமாறு பூட்டவும். கட்டையின் உச்சியில் 5 மில்லிமீற்றர் ஆழமும் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள வெட்டு அமைக்கவும். கட்டையின் பின்பக்கத்தில், பலகையின் மேல்விளிம்பிலிருந்து 2.2 சென்ரிமீற்றர் உயரத்தில், பின்னோக்கி நீளும் ஓர் ஆணி அடிக்கவும். இவற்றின் பயன் பின்னர் விளங்கும்.

5. விழுதுச் சட்டம் செய்தல்

தறியின் உயிர் இதுவே. அவசரம் கூடாது.

நாற்பது குச்சிகளையும் ஒரே அளவாகச் சீவி, மணற்றாளால் நன்கு தேய்க்கவும். பிசிறு ஒன்றிருந்தாலும் அது நூலை அறுக்கும். ஒவ்வொரு குச்சியின் சரிநடுவிலும், அதாவது முனையிலிருந்து 7 சென்ரிமீற்றரில், 2 மில்லிமீற்றர் துளை வேண்டும். ஆணியால் அடித்தால் மூங்கில் பிளக்கும். பழைய சைக்கிள் சில்லின் கம்பி ஏறத்தாழ அதே தடிப்பினது. அதன் நுனியைத் தணலிற் பழுக்கக் காய்ச்சி மெல்ல அழுத்தினால் துளை சுத்தமாக விழும். துளையின் ஓரமும் கருகி வழுவழுப்பாகும். இவ்வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்; சிறுவரை அருகில் விடலாகாது.

கட்டும் முறை, அச்சுக் கட்டுவோர் தொன்றுதொட்டுக் கையாளும் முறையே. இரண்டு மூங்கிற் சிம்புகளின் தட்டையான பக்கங்கள் எதிரெதிரே இருக்குமாறு பிடித்து, அவற்றுக்கிடையே முதலில் ஓரக் குச்சியை நிறுத்தவும். கயிற்றை இரு சிம்புகளையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் குச்சியோடு நெருக்கவும். அடுத்து முதலாவது துளைக்குச்சி. மீண்டும் ஒரு சுற்று. கயிற்றின் தடிப்பே இரு குச்சிகளுக்கிடையிலான இடைவெளியாகிறது. ஆகவே கயிறு எங்கும் ஒரே தடிப்பாக இருத்தல் இன்றியமையாதது. மேலும் கீழும் இவ்வாறே கட்டிக்கொண்டு போகவும். சிம்புகளுக்கிடையே திறந்த வெளி 10 சென்ரிமீற்றர் இருக்கவேண்டும். துளை அதன் சரிநடுவில், மேற்சிம்பின் கீழ்விளிம்பிலிருந்து 5 சென்ரிமீற்றரில் அமையும்.

நாற்பது குச்சிகள் முடிந்ததும் மற்ற ஓரக் குச்சியை வைத்து முடிச்சிடவும். குச்சி 6 மில்லிமீற்றர், இடைவெளி 1.5 மில்லிமீற்றர், ஆக நாற்பது குச்சிகளுக்கு 30 சென்ரிமீற்றர் அகலம். துளைகளில் 40 நூலும் இடைவெளிகளில் 40 நூலுமாக மொத்தம் 80 பாவு நூல்கள் செல்லும்.

50 சென்ரிமீற்றர் நீளமான மரச் சட்டத்தை, அதன் கீழ்விளிம்பு மேற்சிம்பின் கீழ்விளிம்போடு சமமாக நிற்க, மேற்சிம்போடு இறுகக் கட்டவும். கட்டுகள் மீது தேன்மெழுகு அல்லது வார்னிஷ் பூசினால் ஈரத்திற் கயிறு தளராது.

இப்பொழுது சட்டத்தை இயக்கிப் பார்க்கலாம். மரச் சட்டத்தின் இரு முனைகளையும் தாங்கு கட்டையின் உச்சி வெட்டில் வைத்தால் துளை நூல்கள் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் உயர்ந்து மேல்வாய் திறக்கும். கட்டைக்குப் பின்னால் பலகையின் மேல் இறக்கி, ஆணிக்குக் கீழ்ச் செருகினால் அதே அளவு தாழ்ந்து கீழ்வாய் திறக்கும். பாவின் இழுவை சட்டத்தை மேலே தள்ளப் பார்க்கும். அதனைத் தடுப்பதற்கே அவ்வாணி. தாழும்போது சட்டத்தின் அடிப்பகுதி சட்டகத்துக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் வரை தொங்கும். எனவே தறியைத் தரையில் தட்டையாக வைத்து நெய்தல் இயலாது.

6. பாவு ஓட்டுதல்

பருத்தி முறுக்கு நூல் தொடக்கத்துக்கு ஏற்றது. கையால் இழுத்தால் எளிதில் அறாத நூலாக இருக்கவேண்டும். நெசவாளர் மெல்லிய நூலுக்குச் சோற்றுக்கஞ்சி இடுவர். மலைநாட்டில் கஞ்சியிட்ட நூல் ஈரத்தாற் பூஞ்சணம் பிடிக்கும். முறுக்கு நூலுக்குக் கஞ்சி வேண்டியதுமில்லை. பருத்தி நூல் ஈரத்தில் வலிமை குறைவதில்லை. ஆனால் அதன் இழுவை நாளுக்கு நாள் மாறும். ஆதலால் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் இழுவையைச் சரிபார்க்கவேண்டும்.

தறியை மேசையிற் கயிற்றாற் பிணைக்கவும். தறியின் முன்புறம் நோக்கி, பின் கட்டுக் குச்சியிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் ஒரு முளையை உறுதியாக நிறுத்தவும். கதவுத் தாழ்ப்பாளோ கட்டிற் காலோ இதற்கு உதவும். நூற்பந்து தறிக்குப் பின்னால் தரையில் இருக்கட்டும்.

நூலின் நுனியைப் பின் கட்டுக் குச்சியில் முடிந்து, அருகிலுள்ள நூலை வளையமாக முதல் இடைவெளி வழியே கொக்கியால் இழுத்து முளையில் மாட்டவும். பின் நூலைக் கட்டுக் குச்சியைச் சுற்றி எடுத்து, அடுத்த வளையத்தை இரண்டாம் இடைவெளி வழியே இழுத்து முளையில் மாட்டவும். இவ்வாறு நாற்பது இடைவெளிகளும் முடிந்தால், ஒவ்வொன்றிலும் இரண்டு நூலாக 80 நூல்கள் ஆகும்.

முளையிலுள்ள வளையங்களை வெட்டி, ஒருவர் எல்லா நூலையும் ஒருசேர இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் பின் உருளையைச் சுழற்றிப் பாவைச் சுற்றவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே தடித்த தாள் வைக்கவும். தாளின்றிச் சுற்றினால் மேற்சுற்று நூல்கள் கீழ்ச்சுற்றினுட் புதைந்து, நெய்யும்போது சில தொய்ந்தும் சில விறைத்தும் நிற்கும். இது தொடக்கக்காரர் அனைவரும் செய்யும் பிழை. விழுதுச் சட்டத்துக்கு முன்னால் 30 சென்ரிமீற்றர் நூல் எஞ்சும்போது நிறுத்தவும்.

இனி ஒவ்வோர் இடைவெளியிலுமுள்ள இரு நூல்களில் ஒன்றை வெளியே எடுத்து அருகிலுள்ள துளையிற் கோக்கவும். இடமிருந்து வலமாக வரிசை தவறாது கோத்தல் வேண்டும். முடிந்ததும் எட்டெட்டு நூலாகச் சேர்த்து முன் கட்டுக் குச்சியில் அவிழ்க்கத்தக்க முடிச்சாகக் கட்டி, உள்ளங்கையால் பாவின் மேல் தடவி இழுவை எங்கும் சமமா என்று பார்க்கவும். முறுக்குக் குச்சியை உருளைத் துளையிற் செருகிச் சுழற்றி, அதன் நுனியைப் பலகையில் அடித்த ஆணியொன்றோடு கயிற்றாற் கட்டினால் இழுவை நிலைக்கும். கயிற்றைச் சற்றே இறுக்கியோ தளர்த்தியோ இழுவையை நுட்பமாகத் திருத்தலாம்.

7. நெய்தல்

36 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள மெல்லிய பலகைத் துண்டின் இரு முனைகளையும் குடைந்து ஊடை நூலைச் சுற்றினால் அதுவே நாடா.

மேல்வாய் திறந்து நாடாவைச் செலுத்தி, சட்டத்தை முன்னே இழுத்து ஊடையை அடிக்கவும். பின் கீழ்வாய் திறந்து மறுபுறமிருந்து செலுத்தி அடிக்கவும். முதல் ஐந்தாறு வரிகளைப் பழந்துணிக் கிழிசலால் நெய்தால், கொத்துக் கொத்தாக நின்ற நூல்கள் சமமாகப் பரவும்.

ஊடையை நேராக விறைத்து இழுக்கவேண்டாம். வில்போல் வளைத்து வைத்து அடிக்கவும். விறைத்து இழுத்தால் துணி நடுவில் ஒடுங்கி, ஓர நூல்கள் விழுதுச் சட்டத்தில் உராய்ந்து அறும். நெய்த துணி சட்டத்தை நெருங்கியதும் பின் உருளையைத் தளர்த்தி, முன் உருளையிற் துணியைச் சுற்றி, மீண்டும் இறுக்கவும்.

8. குறைகளும் திருத்தமும்

வாய் முழுதாகத் திறக்கவில்லையாயின், இழுவை போதாது. அல்லது ஒரே துளையில் இரு நூல் கோத்திருக்கும். ஒரு பக்கம் தொய்ந்தால், அப்பக்கத்து முன்முடிச்சுகளை அவிழ்த்து மீண்டும் கட்டவும். பாவு நூல் ஒன்று அறுந்தால், புதிய நூலை அதே துளை வழியே விட்டு, நெய்த துணியில் குண்டூசியால் நிறுத்தி, மறுமுனையை ஒரு சிறு கல்லிற் கட்டிப் பின்னே தொங்கவிடவும். மழை நாளில் உருளை வீங்கிச் சுழல மறுத்தால் எண்ணெய் இடாதீர். துணியிற் கறை படியும். உருளையின் கழுத்தில் மெழுகு தேய்த்தாற் போதும்.

9. எதனை நெய்வது?

1970 முதல் 1977 வரை துணி இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்தில் இலங்கையின் கைத்தறிகள் செழித்தன. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மலிவான ஆலைத் துணி சந்தையை நிறைத்தது. பல தறிகள் ஓய்ந்தன. அனுபவமிக்க நெசவூர்களுக்கே நேர்ந்த இவ்விடர் நமக்குப் பாடமாக வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் துவாயையோ சட்டைத் துணியையோ இத்தறியில் நெய்து விற்க முயல்வது வீண். கடையிற் கிடையாததை அல்லது கிடைத்தும் நமக்குப் பொருந்தாததை நெய்யவேண்டும்.

மிதியடி: பழைய பருத்திச் சேலையை 3 சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாகக் கிழித்தால் ஏறத்தாழ 200 மீற்றர் நீளம் கிடைக்கும். 60 சென்ரிமீற்றர் நீளமான மிதியடிக்கு ஏறத்தாழ 45 மீற்றர் தேவைப்படும். ஆக ஒரு சேலையில் நான்கு மிதியடி நெய்யலாம். குளிர்ந்த சீமெந்துத் தரைக்கு இது நல்ல காப்பு. இரண்டு துண்டுகளைப் பக்கம் பக்கமாகத் தைத்தாற் பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் விரிப்பாகும்.

கூடையின் தலைப்பட்டை: கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியையும் உச்சியையும் அறுத்து வருத்துவது கொழுந்து பறிக்கும் பெண்கள் அனைவரும் அறிந்ததே. தடித்த பருத்தி நூல் 30 இழையை அடுத்தடுத்த துளையிலும் இடைவெளியிலுமாகக் கோத்து, ஊடையை இறுக்கி இழுத்துப் பாவு நூல்கள் ஒன்றையொன்று தொடுமாறு நெய்தால், இரண்டு மூன்று விரல் அகலமான உறுதியான பட்டை கிடைக்கும். மேலே ஊடையை இழுக்கவேண்டாம் என்றோம். பட்டைக்கு மட்டும் விதி இதற்கு நேர்மாறு. பட்டையைக் கயிற்றுக்குப் பதிலாக இடாமல், கயிற்றின்மேல் தலைபடும் இடத்தில் தைத்துக்கொள்ளுதலே பாதுகாப்பு. தலையில் இடுமுன் நிறைகூடையினும் இரு மடங்கு பாரத்தைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மருந்து தெளிக்கும் கருவியின் தோட்பட்டைக்கு இத்துணியைப் பயன்படுத்தலாகாது. பருத்தி, சிந்தும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அது தோளின் தோலைத் தொட்டுக்கொண்டேயிருக்கும். அதற்குக் கழுவித் துடைக்கத்தக்க பட்டையே உகந்தது.

10. நூற்கணக்கு

ஒவ்வொரு பாவிலும் முன்முடிச்சுக்கும் பின்னே நெய்ய இயலாது எஞ்சும் பகுதிக்குமாக ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் வீணாகும். பாவு குறுகியதாயினும் நீண்டதாயினும் இவ்விழப்பு மாறாது. 1 மீற்றர்ப் பாவில் பாதி வீண். 2 மீற்றரிற் காற்பங்கு. 3 மீற்றரில் ஆறிலொரு பங்கு. எனவே சிறிய பாவே சிக்கனம் என்று எண்ணுதல் பிழை. ஆயினும் வீட்டில் அமைத்த உருளையில் 3 மீற்றருக்கு மேற்பட்ட பாவு சமமாகச் சுற்றப்படுவது அரிது. லயக் காம்பராவின் நீளமும் அதற்கு மேல் இடம் தராது. 2 மீற்றர்ப் பாவுக்கு 80 நூலுக்குமாக 160 மீற்றர் நூல் செல்லும். நெய்தபின் சுருங்குவதைக் கழித்து ஏறத்தாழ 1.35 மீற்றர் துணி, அதாவது இரண்டு மிதியடி கிடைக்கும்.

விற்க எண்ணுவோர் முதலில் ஒரு சிறு கணக்கேடு வைக்கவேண்டும். நூலின் விலை, பாவு ஓட்டிய நேரம், நெய்த நேரம், கிடைத்த விலை ஆகிய நான்கையும் ஐந்து பொருள்களுக்காயினும் எழுதிப் பார்க்கவும். கிடைத்த விலையிலிருந்து நூலின் விலையைக் கழித்து, எஞ்சியதைச் செலவான மணித்தியாலங்களால் வகுத்தால் ஒரு மணித்தியால உழைப்பின் பெறுமதி தெரியும். அதனைக் கொழுந்து பறிப்பதிலோ மரக்கறித் தோட்டத்திலோ கிடைக்கும் வருவாயோடு ஒப்பிடவும். அது குறைவாயின் விற்பனைக்கு நெய்வதை விட்டு, வீட்டுத் தேவைக்கு மட்டும் நெய்வதே அறிவுடைமை. வீட்டுப் பெண்கள் மலையில் நின்று வந்த பின்னர்ச் செய்யும் வேலைக்கும் கூலிக் கணக்கு உண்டு என்பதை மறத்தலாகாது. அவர்களின் உறக்க நேரத்தை இத்தறி உண்ணுமாயின் அது இலாபமன்று.

11. பேணல்

நெய்யாத காலத்தில் இழுவையைத் தளர்த்தி, தறியை அடுப்புச் சுவருக்கு எதிர்ப்புறமான உலர்ந்த சுவரில் மாட்டவும். புகைபடும் இடத்தில் நூல் கறுக்கும். வெளிச்சுவரிற் பூஞ்சணம் பிடிக்கும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா, கந்தப்பளைப் பகுதிகளில் உறைபனி விழும் நாள்களின் வெயில் வரண்டது. அவ்வெயிலில் தறியை ஒருநாள் உலர்த்தி, விழுதுச் சட்டத்தின் கட்டுகளைப் பார்த்து, தளர்ந்த இடத்தை இறுக்கி, மீண்டும் மெழுகு பூசவும்.

ஒரு லயத்தில் ஒருவர் விழுதுச் சட்டம் ஒன்றைச் செம்மையாகச் செய்துவிட்டால், அதனையே அளவாக வைத்து அயல்வீட்டார் பலரும் செய்துகொள்ளலாம். சட்டகத்தை எவரும் அமைத்துவிடுவர். நாற்பது துளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதே கடினம். ஆகவே முதற்சட்டம் செய்பவர் பொறுமையுடன் செய்க. பின்வருவோர் அவருக்கு நன்றியுடையராவர்.